பேரன்மாரோடு 20 அங்குலச் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுதல்

வேலை இதுதான்: கொட்டிலுக்குள் கிடந்து துருப்பிடித்த 20 அங்குலச் சைக்கிள் ஒன்றை அக்கக்காகக் கழற்றி, கழுவி, கிறீஸ் போட்டு, திரும்பப் பூட்டி, பத்து வயதுப் பேரனும் ஆறு வயதுப் பேரனும் ஓடக்கூடியதாக ஆக்குதல். கடையில் விட்டால் ஒரே பின்னேரத்தில் தந்துவிடுவார்கள். பேரன்மாரின் கையால் செய்விக்க வெளிக்கிட்டால் பள்ளிக்கூட விடுமுறையில் நல்லதொரு பங்கு இதற்கே போகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. ஏனென்றால் இந்த வேலையில் அப்பப்பாவுக்கோ அம்மப்பாவுக்கோ உள்ள கடினமான பகுதி, சாவி (ஸ்பானர்) பிடித்துப் பழகிய தன் கையை முந்தவிடாமல் வைத்திருப்பதுதான்.

முதலில் பங்கு பிரிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால் சண்டை வரும். ஒருவனுக்கு வேலையையும் மற்றவனுக்கு "இதைப் பிடி, அதை எடு" என்ற எடுபிடியையும் கொடுத்தால், எடுபிடிக்காரன் கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விடுவான். சைக்கிளுக்குச் சில்லு இரண்டு என்பது இங்கே பெரிய வசதி. முன்சில்லு சின்னவனுக்கு, பின்சில்லு பெரியவனுக்கு. முன்சில்லில் செயின் இல்லை, உழக்காதபோது சில்லைத் தனியே ஓடவிடும் ஃபிறீவீல் இல்லை, அச்சும் மெல்லியது. ஆறு வயதுக் கைக்கு அளவான வேலை. சின்னவன் கிறீஸ் போட்ட முன்சில்லில்தான் பெரியவன் ஓடப்போகிறான், பெரியவன் பூட்டிய பின்சில்லில்தான் சின்னவன் ஓடப்போகிறான் என்பதைத் தொடங்கும்போதே இரண்டு பேருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு தம்பியின் வேலையைப் பெரியவன் நக்கலடிக்க மாட்டான், நின்று கவனிப்பான். கடைசி இறுக்கம் மட்டும், அச்சு நட்டும் ஹாண்டிலும் பிறேக்கும், பெரியவர்களின் கையால். அதையும் ஒளித்துச் செய்யாமல் அவர்கள் பார்க்கச் செய்ய வேண்டும். தாங்கள் செய்ததை அப்பப்பா இரவில் திருத்திவிடுகிறார் என்று பிள்ளைக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு அவனுடைய கை வேலையில் ஒட்டாது.

இடம் விறாந்தையோ மாமர நிழலோ, எதுவானாலும் நிலத்தில் ஒரு பழைய படங்கு விரிக்க வேண்டும். அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டு (பெயரிங்) மணலில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. சாமான்கள்: 13, 14, 15 மில்லிமீற்றர்ச் சாவிகள், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க 15இல் இன்னொன்று, 13க்கும் 15க்கும் மெல்லிய கோன் சாவி, ஒரு அட்ஜஸ்டபிள் சாவி, குறடு, தட்டைத் திருகாணிச்சுற்றி, ரயர் கழற்ற இரண்டு லீவர், ஒட்டுப் போடும் சாமான், 80ஆம் இலக்க மண்கடதாசி, ஒரு டின் கிறீஸ், தையல் இயந்திர எண்ணெய், அரை லீற்றர் மண்ணெண்ணெய், பழந்துணி, பழைய பல்துலக்கி நாலைந்து. திருகாணிச்சுற்றியால் ரயரை நெம்பினால் ரியூப் கிழியும். லீவர் இல்லாவிட்டால் காம்பு மழுங்கிய எவர்சில்வர்க் கரண்டி இரண்டு போதும். ஆனால் அப்பம்மாவிடம் கேட்டு, திரும்பச் சமையலுக்குப் போகாத கரண்டியாக எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ அதை ஊற்றி வைக்கவே கூடாது. சின்னப் பிள்ளை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தகர டின்னில் எடுத்து, வேலை செய்யும் பெரியவரின் பக்கத்திலேயே வைத்து, முடிந்ததும் உயரத்தில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவுவது பெரியவனின் வேலை. சின்னவனுக்குத் துணியும் சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

இங்கே யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்குக் கேடு இரண்டு வழியாக வருகிறது. கடல் எந்தப் பக்கமும் தூரமில்லை, காற்றே உப்பு. வலிகாமத்துச் செம்மண் தூசி அச்சுக்குள் போய்க் கிறீஸோடு சேர்ந்து அரைக்கும். மாரிக்கு நனைந்த சைக்கிளைத் துடையாமல் நிறுத்தினால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும். குரோம் றிம்மில் மேலோட்டமாகப் படிந்த துருவுக்கு மண்கடதாசி போடக் கூடாது. குரோம் கீறுப்பட்டால் அடுத்த மாரிக்குத் துரு இரட்டிப்பாக வரும். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமை விட மெது என்பதால் கீறாது, துருவை எடுத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. தேய்க்கத் தேய்க்க மினுங்குவது அவன் கண்ணுக்கே தெரியும். கம்பிக்குக் கம்பி எண்ணித் தேய்ப்பான். தேய்த்த இடத்தை உடனே துடைத்து உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தடவிவிட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. காயவிட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும்.

இனி அச்சு. பேரன்மாரோடு செய்யும் வேலையில் சாரமான பகுதி இதுதான், அவசரப்படக் கூடாத பகுதியும் இதுதான்.

சில்லைக் கழற்றி, படங்கின் மேல் ஒரு தட்டத்தை வைத்து, தட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்து லொக் நட்டை மட்டும் தளர்த்த வேண்டும். கோனை, அதாவது குண்டுகளை உள்ளே தாங்கி நிற்கும் கூம்பு நட்டை, மெல்லிய சாவியால் அசையாமல் பிடித்து, லொக் நட்டை மற்றச் சாவியால் இடப்பக்கம் சுற்ற வேண்டும். மற்றப் பக்கத்துக் கோனைத் தொடக் கூடாது. தொட்டால் அச்சு நடுவில் நிற்கும் அளவு மாறி, பூட்டும்போது ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் நீட்டிக்கொண்டு நிற்கும். லொக் நட், வாசர், கோன் என்று கழன்று வரும் ஒழுங்கிலேயே ஒரு துணியில் வரிசையாக அடுக்குவிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது வரிசையைப் பின்னாலிருந்து எடுத்தால் போதும். "எது முதல், எது பிறகு" என்று பிள்ளையே சொல்லுவான். நாங்கள் ஞாபகத்தில் வைத்திருந்து சொன்னால் அவன் கை மட்டும்தான் வேலை செய்யும்.

அச்சை மெதுவாக இழுத்ததும் குண்டுகள் தட்டத்தில் விழும். முன்சில்லில் பெரும்பாலும் 3/16 அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 10. பின்சில்லில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. சில சிறுவர் சைக்கிளில் தகர வளையத்தில் கோத்துவரும். அப்படியானால் வளையம் எந்த முகமாக இருந்தது என்று படம் எடுத்துவைக்க வேண்டும். எண்ணுவது சின்னவனின் பொறுப்பு. எண்ணி, ஒரு போத்தல் மூடியில் போட்டு, எண்ணிக்கையைத் தாளில் எழுதட்டும். இடம் 10, வலம் 9 என்று வந்தால் ஒன்று எங்கேயோ கிடக்கிறது. கிறீஸுக்குள் ஒட்டிக்கொண்டு, சில்லின் நடுவில் குண்டுகள் இருக்கும் கிண்ணமான கப்புக்குள்ளேயே இருக்கும், அல்லது உருண்டு போயிருக்கும். காந்தம் ஒன்றைத் தரையில் உருட்டித் தேட விட்டால் அதுவே அவனுக்கு ஒரு விளையாட்டு. கிடைக்காவிட்டால் மற்றவற்றோடு ஒரு புதுக் குண்டைச் சேர்க்காமல் இரண்டு பக்கமும் முழுக்கப் புதிதாகப் போட வேண்டும். தேய்ந்த குண்டுக்கும் புதுக் குண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாரம் முழுவதும் புதியதன் தலையில்தான் இறங்கும்.

கழுவித் துடைத்ததும் கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். குண்டு ஓடிய வழி ஒரே மினுக்கமான வளையமாக இருந்தால் நல்லது. புள்ளி புள்ளியாகப் பள்ளம் இருந்தால் கோன் முடிந்துவிட்டது. எவ்வளவு கிறீஸ் போட்டாலும் கரகரக்கும். பெரியவனிடம் கொடுத்து நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும். கடைக்குப் பழைய கோனைக் கையோடு கொண்டுபோனால்தான் அதே புரியும் அதே சரிவும் உள்ளதாக வாங்கலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கேட்பதும் அவனாகவே இருக்கட்டும். கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். தானே கழற்றியவனுக்குப் பதில் தெரியும்.

கப்புக்குள் கிறீஸை நிறையப் பூசி, குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிறீஸில் பதித்து வைக்க வேண்டும். இங்கே சின்ன விரல்தான் கெட்டி. எங்கள் விரல் நடுங்கி உள்ளேயும் போகாது. வைத்து முடித்த பிறகு ஒரு குண்டுக்குப் போதாத சிறு இடைவெளி மிச்சம் இருக்கும். "இன்னும் ஒண்டு வைக்கலாம் அப்பப்பா" என்று கட்டாயம் கேட்பான். வைக்கக் கூடாது, குண்டுகள் ஒன்றையொன்று நெரித்து உருளாமல் உராயும். அந்த இடைவெளி வேண்டும் என்று காரணத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த பக்கம் அவனே பார்த்து வைப்பான்.

கோனைக் கையால் இறுகும் வரை சுற்றி, பிறகு எட்டில் ஒரு சுற்று அளவு தளர்த்தி, லொக் நட்டைப் பூட்ட வேண்டும். லொக் நட் இறுகும்போது கோனையும் கொஞ்சம் உள்ளே தள்ளும் என்பதால்தான் அந்தத் தளர்வு. அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டினால் கடகடப்பு இருக்கக் கூடாது. முதல் தடவையில் சரிவராது, கைதேர்ந்தவர்களுக்கும் இரண்டு மூன்று தடவை பிடிக்கும். அதைப் பிள்ளைகளுக்கு முன்னமே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் தடவை தளர்த்தும்போது முகம் வாடிவிடும். கடைசிப் பரீட்சை: ரயரோடு சில்லை முள்ளில் (ஃபோர்க்கில்) பூட்டி, மெதுவாகத் தள்ளிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நன்றாகப் பூட்டிய சில்லு வேகம் குறைந்து, நின்று, பாரமான பக்கம் கீழே வரும்வரை முன்னும் பின்னுமாக ஆடி ஓயும். இறுக்கமானது ஆடாமல் அப்படியே நின்றுவிடும். பரீட்சையை யார் செய்வது என்று கேட்கத் தேவையில்லை, அந்தச் சில்லுக்காரன்தான்.

பின்சில்லில் ஃபிறீவீலைத் திறக்கப் பெரியவன் ஆசைப்படுவான். உள்ளே என்ன "கிர்கிர்" என்று சத்தம் போடுகிறது என்பது நியாயமான கேள்வி. ஆனால் திறக்க விடக் கூடாது. உள்ளே 1/8 அங்குலக் குண்டுகள் மிகப் பல, இரண்டு சின்னப் பல், மெல்லிய வில் (ஸ்பிறிங்) எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும். மண்ணெண்ணெயை விளிம்பு இடைவெளியால் ஊற்றிச் சுழற்றி, கறுப்பு வடிந்து முடிந்ததும் உலரவிட்டு, தையல் எண்ணெய் ஐந்தாறு துளி விட்டால் போதும். கடையில் எறியும் பழைய ஃபிறீவீல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் அதைத் திறந்து அவன் ஆசை தீரும்.

ஒட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதால்தான் அதில் பிழை அதிகம். ரியூபைக் கழற்றும்போது ரயரில் வால்வு இருந்த இடத்துக்குச் சோக்கால் ஒரு குறி போட வேண்டும். ரியூபில் ஓட்டையைக் கண்டதும் வால்விலிருந்து தூரத்தை அளந்து, ரயரில் அதே இடத்தில் விரலால் தடவினால் முள் அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் ஒழுங்கை முடிவதற்குள் திரும்பக் காற்றுப் போகும். நெருஞ்சி எல்லாக் காலத்திலும் உண்டு. முட்கிளுவை வேலி வெட்டும் நாட்களில் ஒழுங்கை முழுவதும் முள்தான், அப்போது பிள்ளைகளை இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். ஓட்டை ரியூபின் உட்பக்கத்தில் இருந்தால் குற்றம் ரோட்டில் இல்லை. றிம்முக்குள் கம்பி முனை தலைநீட்டுகிறது, றிம் நாடா கிழிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக ஓடிக் கல்லில் இடித்து றிம் ரியூபை நெரித்திருக்கிறது. இதைப் பெரியவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவான்.

மண்கடதாசியால் ஒட்டை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாக உரஞ்சி, தூசி துடைத்து, சொலூசனை மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் விடவேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே அகப்பட்ட ஆவி குமிழாகி ஒட்டை உயர்த்தும். பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு யுகம். ஊதுவார்கள், விசிறுவார்கள், விரலால் தொட்டுத் தொட்டே கெடுத்துவிடுவார்கள். கையில் வேறு வேலை கொடுப்பதுதான் வழி. மற்ற ரியூபில் காற்று நிரப்பித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் குமிழி தேடச் சொன்னால் நேரம் போவது தெரியாது. ஒட்டிய பிறகு கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, மேலே பவுடர் தூவ வேண்டும். இல்லாவிட்டால் மிச்சச் சொலூசன் ரயரோடு ஒட்டிக்கொள்ளும்.

வால்வு அடியில் ரப்பர் வெடித்திருந்தால் அதற்கு ஒட்டு நிற்காது, புது ரியூப்தான். பழைய மாதிரி வால்வு என்றால் உள்ளே ஊசியில் செருகிய வால்வு ரியூப் இற்றுப்போயிருக்கும். அது சில ரூபாய்ச் சாமான், மாற்றிவிடலாம். எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். இந்தப் பரீட்சை சின்னவனுக்கு மிகவும் பிடிக்கும். தேவையில்லாமல் வீட்டில் உள்ள எல்லாச் சைக்கிளுக்கும் வைத்துப் பார்ப்பான், பார்க்கட்டும். காற்று எவ்வளவு என்று ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். அது உச்ச அளவு. பிள்ளையின் பாரம் குறைவு என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக அடித்தால் குலுக்கம் குறையும், ஆனால் பெருவிரலால் அழுத்தினால் சற்றே மட்டும் பதியவேண்டும்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் உலர்த்திய பிறகு அளக்க வேண்டும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி 24ஆவது இடைவெளி முடியும் ஊசியின் நடுவரைக்கும் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/8 அங்குலத்தைத் தொட்டால் செயின் மாற்ற வேண்டும். பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். பெரியவனின் பள்ளிக்கூட அடிமட்டம் இதற்குப் போதாது, தையல் நாடா இழுபடும். இரும்பு அளவுநாடாதான் சரி. தேங்காய் எண்ணெய் போடுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு. அது நாள்போகப் பசையாகித் தூசியைப் பிடித்துவைக்கும். தையல் எண்ணெயோ சாதாரண எஞ்சின் எண்ணெயோ, ஒரு மூட்டுக்கு ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியில் உள்ளதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வேலை செய்வது உள்ளே போன எண்ணெய்தான். வெளியில் நிற்பது பள்ளிக்கூட வெள்ளைக் காற்சட்டைக்குப் போகும், பிறகு தாய்க்காரி எங்களோடுதான் கதைப்பார்.

செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் செயின் லொக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த வாய் முன்னுக்கு நின்றால் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். செயினின் நடுவை விரலால் மேலே தூக்கினால் அரை அங்குலம் அளவு அசைய வேண்டும். பெடலை முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமாக வரும் இடத்தில்தான் அதை அளக்க வேண்டும். பல்வட்டம் கொஞ்சம் ஓரமாக நிற்பது வழக்கம், தளர்ந்த இடத்தில் அளந்தால் மற்ற இடத்தில் இழுத்து அச்சை நெரிக்கும்.

பிறேக்குக்கு அளவுகோல் சின்னவனின் விரல். பெரியவர் பிடித்து "நல்லா நிக்குது" என்று சொல்வதில் பயனில்லை. சீற்றில் இருந்தபடி அவன் இரண்டு விரலால் பிடித்து, பெரியவர் சைக்கிளைத் தள்ளும்போது சில்லு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெரும்பாலும் குற்றம் வயரில்: உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். எண்ணெய் விட்டுக் காலம் கடத்தாமல் உள்வயரையும் உறையையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பிறேக் கட்டை றிம்மிலிருந்து 2 முதல் 3 மில்லிமீற்றர் தள்ளி, முழு முகமும் றிம்மில் படும்படி நிற்க வேண்டும். மேலே ஏறினால் ரயரை அறுக்கும். கீழே இறங்கினால் கம்பிக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கி எறியும். பிடியின் உட்புறத்தில் ஒரு சின்னத் திருகாணி இருந்தால், அதை உள்ளே சுற்றினால் லீவர் கைக்குக் கிட்ட வரும். இருப்பதே தெரியாமல் பலர் விட்டுவிடுகிற இந்தத் திருகாணிதான் ஆறு வயதுக்காரனைப் பிறேக் பிடிக்க வைக்கிறது. எந்தக் கை முன்சில்லு, எந்தக் கை பின்சில்லு என்பதை ஓடமுன் அவன் வாயால் சொல்லவேண்டும்.

பெடல். இடப்பக்கப் பெடலுக்குப் புரி எதிர்ப்பக்கம். "அப்பப்பா, இது எவ்வளவு சுத்தியும் கழருதில்லை" என்றால் அவன் இறுக்கிக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற ஒரே விதி: 15ஆம் சாவியை மேல்நோக்கி நிற்கும்படி வைத்து, சாவியின் மேல்முனையைப் பின்சில்லுப் பக்கம் தள்ளினால் கழரும், முன்சில்லுப் பக்கம் தள்ளினால் இறுகும். ஏன் இடம் மாற்றிப் புரி போட்டார்கள் என்று பெரியவன் கேட்பான். உழக்கும்போது பெடல் அச்சில் பாரம் சுற்றிச் சுற்றி விழுவதால் அச்சு புரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்திசைக்கு நகரப் பார்க்கும். வலப்பக்கம் போலவே இடத்துக்கும் புரி போட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும். பூட்டும்போது புரிக்கு கிறீஸ் தடவி, முதல் மூன்று நாலு சுற்றும் விரலாலேயே போகவேண்டும். விரலுக்கு இறுகினால் புரி மாறிப் பிடித்திருக்கிறது. சாவி போட்டு அழுத்தினால் கிராங் பழுது.

ஆனால் பெடலை உடனே பூட்டத் தேவையில்லை, சின்னவன் பழகும் வரைக்கும். முழங்கால் நோவுள்ள அப்பப்பாமாருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிப் பழக்கிய காலத்தில், ஓடியவருக்கு மூச்சு வாங்கியது, பிள்ளைக்கோ பிடித்திருக்கும் கையில்தான் நம்பிக்கை இருந்தது. இரண்டு பெடலையும் கழற்றி, சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி, இரண்டு உள்ளங்காலும் நிலத்தில் முழுதாகப் படும்படி வைத்துவிட்டால், பிள்ளை தானே காலால் உந்திப் போகும். முதலில் நடக்கும். பிறகு எட்டி எட்டி உந்தும். பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் மிதக்கும். சமநிலை என்பது அவ்வளவுதான். உழக்குவது அதற்குப் பிறகு தானாக வரும். பக்கத்தில் பூட்டும் சின்னச் சில்லு இரண்டும் இதற்கு உதவாது. வளைவில் சைக்கிள் சரியவேண்டிய பக்கத்துக்குச் சரிய அவை விடாது. உழக்கப் பழகுமே தவிரச் சரியப் பழகாது.

யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் கிடையாது, சரிவில் உருளவிடலாம் என்ற யோசனை எடுபடாது. இறுகிய நிலம்தான் தேட வேண்டும். கோயில் வெளிவீதி மணலில் சில்லு புதையும். தார் ஒழுங்கையில் விழுந்தால் தோல் போகும், மோட்டார்சைக்கிளும் வரும். புல் கட்டையாக உள்ள பள்ளிக்கூட மைதானம் நல்லது. கால் தூக்கிப் பத்துப் பதினைந்து யார் தூரம் நேராகப் போய், பிறேக்கால் நிற்பாட்டி இறங்கத் தெரிந்த பிறகு பெடலைப் பூட்டலாம். பூட்டும்போது சாவி அவன் கையில்.

பெரியவனுக்குச் சீற்றை உயர்த்த வேண்டும். குதிக்கால் கீழ்ப்பெடலில் இருக்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேராக நிற்பது அளவு. சீற் குழாயில் ஆகக்கூடிய உயரத்துக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. ஒரே சைக்கிளை இருவர் ஓடுவதால் சீற் ஒரு நாளைக்குப் பல தடவை ஏறி இறங்கும். குழாயில் இருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் நெயில் பொலிஷ் கோடு போட்டுவிட்டால் "எனக்கு உயரமாப் போட்டிட்டான்" என்ற முறைப்பாடு குறையும். முறை வைப்பதில் நேரக்கணக்கை விடத் தூரக்கணக்கு நல்லது. "பத்து நிமிடம்" என்றால் மணிக்கூட்டைப் பார்த்துச் சண்டை. "முடக்கில் உள்ள மதகு வரைக்கும் போய்த் திரும்பினால் மற்றவனின் முறை" என்றால் யாருக்கும் சந்தேகமில்லை. மெதுவாக ஓடி இழுத்தடிப்பவன் சமநிலை பழகுகிறான், அதுவும் நல்லதுதான். வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான்மார் வந்து நின்றால் மூன்றாவது கோடும் போட வேண்டிவரும்.

இவர்களின் தகப்பன்மார் பெரிய 28 அங்குலச் சைக்கிளில், பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு கெந்தி உழக்கிப் பழகியவர்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அளவான சைக்கிள் கிடைக்கிறது என்று குறைசொல்ல எதுவுமில்லை. உடம்பைக் கோணாமல் பழகுவது நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்தில் செயின் கழன்றால் தானே ஏற்றத் தெரியாதவனைப் பெரிய சைக்கிளில் தொட விடமாட்டார்கள். அந்த ஒழுங்கைச் சின்னச் சைக்கிளுக்கும் கொண்டுவரலாம்.

பெரியவனுக்கு இன்னொரு வேலை மிச்சம். பின்னேர ரியூசன் முடிய இருட்டிவிடுகிறது, வெளிச்சம் வேண்டும். பற்றரி விளக்கு வாங்கலாம்தான், சார்ஜ் போட மறந்த நாளில் அது வெறும் பாரம். டைனமோ மறக்காது. சாதாரண டைனமோ 6 வோல்ற், 3 வாற். முன் விளக்குக்கு 2.4, பின் விளக்குக்கு 0.6. பின் பல்ப் எரிந்துபோனால் முழுவதும் முன்னுக்குப் போய் அதையும் எரிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். உருளையின் அச்சைக் கோடாக நீட்டினால் சில்லின் நடுவுக்குப் போகவேண்டும். கோணினால் ரயரைத் தின்னும், இரைச்சலும் கூடும். பக்கம் வழுவழுப்பான ரயர்தான் இதற்குச் சரி. ஒற்றை வயர்தான் விளக்குக்குப் போகும், திரும்பும் வழி சைக்கிளின் இரும்பே. அதனால் எரியாத டைனமோவில் முக்கால்வாசிக் குற்றம் வண்ணப்பூச்சில் இருக்கும். பிடியில் உள்ள கூர்த் திருகாணி பூச்சைக் கிழித்து இரும்பைத் தொடவேண்டும், விளக்கின் பிடியும் அப்படியே. அந்த இடத்தைப் பெரியவன் மண்கடதாசியால் சுரண்டி, பூட்டிய பிறகு சுற்றிவரக் கொஞ்சம் கிறீஸ் தடவட்டும், துரு வராது.

1990களில் மின்சாரமும் பற்றரியும் கிடைக்காத காலத்தில் இங்கே பல வீடுகளில் இந்த டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் செய்தி கேட்டார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். பெரியவனுக்கு இதைச் சொன்னால் அடுத்த கேள்வி "செய்து பார்ப்பமா?" என்றுதான் வரும். செய்யலாம். டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏசி), வானொலிக்கு வேண்டியது நேரோட்டம் (டிசி). நாலு இருவாயியைப் (டயோட்டை) பாலமாகக் கட்டி, ஒரு பெரிய கொள்ளளவியைக் (கப்பாசிற்றரை) குறுக்கே போட்டு, வானொலிக்கு வேண்டிய வோல்ற்றளவுக்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். மேல் வகுப்பு விஞ்ஞானத்தில் வரப்போகிற பாடம் அது. இப்போதே கையால் தொட்டுவைப்பதில் நட்டமில்லை.

பூட்டி முடிந்து ஓடத் தொடங்கிய முதல் இரண்டு கிழமைக்குள் எல்லாம் கொஞ்சம் இளகும். புது வயர் நீளும், அச்சு நட்டு இருந்து கொடுக்கும், கம்பிகள் சில தளரும். இரண்டாம் கிழமை முடிவில் முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தில் "டக்" என்றால் கழுத்து நட்டு, சில்லைப் பக்கவாட்டில் ஆட்ட "டக்" என்றால் கோன். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெரித்தால் தளர்ந்தது கைக்குத் தெரியும். கம்பியை இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளைக் காற்சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகக் கூடாது. றிம் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் கடைக்குக் கொடுப்பதே மேல். பரிசோதனையை அவரவர் சில்லுக்கு அவரவர் செய்து, முடிந்ததும் சில்லை மாற்றி மற்றவன் சரி பார்க்க வேண்டும். அண்ணனின் பின்சில்லில் ஒரு பிழை கண்டுபிடிக்கும் ஆசையில் சின்னவன் எங்கள் எல்லோரையும் விடக் கவனமாகப் பார்ப்பான்.